படம் இளைத்தால் பக்கம் பறக்கும்!

திண்டிவனத்தில் என் நண்பன் மரச்செக்கு எண்ணெய் விற்கிறான். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், அப்புறம் எங்க பக்கத்து மல்லாட்டை எண்ணெய் (மெட்ராஸ்காரர்கள் கவனத்துக்கு: வேர்க்கடலை!). கடைக்கு ஒரு வெப்சைட்டும் போட்டான். பார்த்தவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பினான். ஆர்டர்தான் வரக் காணோம்.

காரணத்தைச் சொன்னவர் எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட். தினமும் விழுப்புரத்திலிருந்து ரயிலில் திண்டிவனம் வருகிறவர். "என்னப்பா உன் ஃப்ரெண்டு கடை! விழுப்புரத்துல தொட்டா முண்டியம்பாக்கம் வரைக்கும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. வர்ற கோபத்துல பாக்கெட் எண்ணெயே வாங்கிடலாம்னு தோணுது!"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மனுஷர் மிகைப்படுத்தவில்லை. செல்போனில் எடுத்த 12 படங்கள், ஒவ்வொன்றும் 4 எம்பி. ஆக 48 எம்பி. ஓடுகிற ரயிலில் விநாடிக்கு 1 மெகாபிட் கிடைக்கிறது என்று வையுங்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட். 384 விநாடி, அதாவது ஆறு நிமிஷத்துக்கு மேல்! எண்ணெய் வாங்க இத்தனை பொறுமை யாருக்கு சார் இருக்கு?

"திரையில சின்னதாத்தானே மாப்ளே தெரியுது?" என்றான் நண்பன். திரையில் சின்னதாகக் காட்டுவது வேறு, ஃபைலே சின்னதாவது வேறு. எட்டு முழ வேட்டியை மடித்துப் பைக்குள் திணித்தால் கைக்குட்டை ஆகிவிடுமா? எடை அதேதானே!

அவன் படங்கள் 4000-க்கு 3000. ஒவ்வொன்றிலும் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். செல்போன் திரைக்கு 800-க்கு 600 தாராளம். அது வெறும் 4 லட்சத்து 80 ஆயிரம். இருபத்தைந்தில் ஒரு பங்கு! முதல் வேலை இந்த வெட்டு. அப்புறம் ஜேபெக்காக சேமிக்கும்போது 'குவாலிட்டி' என்று கேட்கும். பெருமைக்காக 100 வைக்க வேண்டாம். 75 போதும்.

75-க்கு இறக்கினால் படம் கெடாதா? நம் கண் ஒரு சோம்பேறி. வெளிச்ச வித்தியாசத்தைச் சட்டென்று பிடிக்கும். நிறத்தில் நுணுக்கமான மாற்றங்களைக் கோட்டைவிடும். ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாக வெட்டி, கண்ணுக்குப் படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. இதற்கு அடிப்படையான கணக்கு 'டிஸ்க்ரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்'. யோசித்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-ல் இதை ஆராய அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். ரொம்ப எளிமையாக இருக்கிறது என்று கைவிரித்துவிட்டார்கள்! மனுஷர் விடவில்லை. மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-ல் கட்டுரை வெளியிட்டார். 1992-ல் வந்த ஜேபெக் தரம் அதன் மேல்தான் நிற்கிறது. நீங்கள் அனுப்பும் 'குட்மார்னிங்' ரோஜாப்பூவிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. (அந்தப் பாவம் அவர்களைச் சேராது!)

நண்பன் கடைப் படங்கள் இப்போது ஒவ்வொன்றும் சுமார் 100 கேபி. மொத்தம் 1.2 எம்பி, அதே சிக்னலில் பத்தே விநாடி. வண்டி விழுப்புரம் பிளாட்பாரத்தை விட்டு நகர்வதற்குள் கடை திறந்துவிடுகிறது. வாரத்துக்கு நாலைந்து ஆர்டரும் வருகிறது.

வங்கித் தேர்வு எழுதுகிற தம்பிகளுக்கு இந்த வித்தை புதிதல்ல. ஐபிபிஎஸ் விண்ணப்பத்தில் ஃபோட்டோ 20-லிருந்து 50 கேபிக்குள், கையெழுத்து 10-லிருந்து 20 கேபிக்குள் என்று படாத பாடு பட்டிருப்பீர்கள். ஒரு எச்சரிக்கை: ஒரிஜினலைத் தனியாக வைத்துவிட்டு, நகலைச் சுருக்குங்கள். ஜேபெக்கில் கழித்தது திரும்பி வராது. சுருக்கியதையே மறுபடி மறுபடி சுருக்கினால் மாப்பிள்ளை ஃபோட்டோ, காணாமல் போனவர் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும்.

விலைப் பட்டியலை மட்டும் படம் பிடித்துப் போடாதீர்கள். எழுத்தோரம் கசங்கும். டைப் அடித்தே போடலாம். ஒரு பக்கம் முழுக்கத் தமிழில் அடித்தாலும் சில கேபிதான்!