‘இல்லை’ என்பதை எழுதிக் கொடுங்கள்!

திருச்சி பொன்மலையில் ஞாயிறு சந்தை நாள். மறுநாள் மனு நாள். முதல் நாள் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் சுமந்த அதே கட்டைப் பையில், திங்கட்கிழமை காலை வேறு சரக்கு ஏறும். மருத்துவச் சான்று, யூ.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, பிள்ளையின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, வெள்ளைத்தாளில் எழுதிய மனு. திருச்சி ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும் நாளில், சிறப்புக் குழந்தைகளின் அம்மாக்களை அந்த வரிசையில் பார்க்கலாம்.

மனு பதிவாகும், எண் கிடைக்கும். சில வாரம் கழித்துப் போய்க் கேட்டால் பதில் வாய்வார்த்தையாக வரும். “ஃபண்ட் இல்லம்மா.” “பர்சன்டேஜ் பத்தலையே.” பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்திலேயே திரும்பிவிடுகின்றன. கைவிரித்த மேஜைக்கு மேலே இன்னொரு மேஜை இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

எந்தப் பணத்துக்காக இவ்வளவு அலைச்சல்? தமிழ்நாடு அரசு அறிவுசார் குறைபாடு உள்ளோருக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கும் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது. பல வீடுகளில் தெரபி வகுப்புக்கும் ஆட்டோவுக்கும் போவது அந்தப் பணம்தான். பள்ளி வழியாக வருவது இன்னொன்று. சமக்ர சிக்ஷா திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவில் ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 3500 ரூபாய் வரை ஒதுக்கலாம். வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை சிகிச்சை, உபகரணங்கள், பயணப்படி, துணைக்கு வருபவருக்கான படி, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வி எல்லாம் இந்தப் பிரிவில் அடங்கும்.

பெரும்பாலும் சிக்கல் தொடங்குவது சதவீதத்தில். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் முக்கியமான சலுகைகளுக்கு 40 சதவீதம்தான் வாசற்படி. அறிவுசார் குறைபாட்டை அளக்க, பிள்ளையின் அன்றாடத் திறன்களைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டு மதிப்பெண் போடும் வைன்லேண்ட் அளவுகோல் பயன்படுகிறது. 2018-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டி வைத்திருந்த கணக்கைப் பாருங்கள். மதிப்பெண் 69 என்றால் குறைபாடு 50 சதவீதம். 70 என்றால் 25. ஒரே ஒரு மதிப்பெண் கூடினால், பிள்ளை வாசற்படிக்கு வெளியே.

அந்த மதிப்பெண் எப்படி விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. “தானாகச் சாப்பிடுவானா?” “சட்டை பொத்தான் போடுவானா?” “தனியாகக் கடைக்குப் போய் வருவானா?” நாலு பேர் நிற்கும் அறையில் எந்த அம்மாவுக்குத்தான் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வரும்? “எல்லாம் அவனே செய்வான் டாக்டர்” என்று பெருமையாகச் சொல்லிவிடுகிறார். பிசைந்து உருட்டிக் கொடுத்தால்தான் சாப்பிடுவான், பொத்தானுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்துத் தைத்திருக்கிறது, கடைக்குப் பின்னாலேயே தாத்தா போவார் என்ற விவரமெல்லாம் தாளில் ஏறுவதில்லை.

சான்றில் உடன்பாடில்லை என்றால், சட்டத்தின் 59-ஆவது பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி தருகிறது. மாநில அரசு நியமித்த மேல்முறையீட்டு அலுவலரிடம் மறுமதிப்பீடு கேட்கலாம். சிறப்புப் பள்ளியின் அறிக்கை, உளவியலாளரின் மதிப்பீடு, தெரபி குறிப்பேடு ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணைப்பது பலம். பிள்ளையின் ஒருநாள் வேலைகளை, காலை பல் துலக்குவது முதல் இரவு படுப்பது வரை, எதில் யார் கை கொடுக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி வைப்பது அதைவிடப் பலம். குறைபாடே இல்லை என்று சான்றளிக்கும் அலுவலர் முடிவெடுத்தாலும் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 58-ஆவது பிரிவு. வாய்வார்த்தைக்கு மேல்முறையீடு செய்ய முடியாது.

எழுதித் தர மறுத்தால்? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். ‘என் மனு எந்த விதியின்கீழ் நிராகரிக்கப்பட்டது, கோப்பின் நகல் தருக’ என்று கேட்டால் 30 நாளில் பதில் வந்தாக வேண்டும். மேல்முறையீட்டுக்கு அந்தப் பதிலே ஆவணம்.

பள்ளி தொடர்பான குறை என்றால் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 32-ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் போகலாம். உதவித்தொகை உட்பட மற்ற மறுப்புகளை மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் கொண்டுபோகலாம். விசாரணையில் சாட்சிகளை அழைப்பதற்கும் ஆவணங்களைக் கேட்பதற்கும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், எடுத்த நடவடிக்கையைத் துறை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

பொன்மலைக்கே உரிய ஒரு கதையும் உண்டு. நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ரயில்வே பணிமனைதான் இந்த ஊரை உருவாக்கியது. அங்கு வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கு ஒன்றிய அரசின் கல்விப்படி கிடைக்கும். மாற்றுத்திறன் கொண்ட பிள்ளை என்றால் அது இரட்டிப்பு. 2024 ஜனவரி முதல் மாதம் 5625 ரூபாய், 22 வயது வரை. ‘சிறப்புப் பள்ளிக்கு அங்கீகாரம் இல்லை’ என்று பில் திரும்பி வந்தால் பதறத் தேவையில்லை. இந்தப் பிள்ளைகள் விஷயத்தில், அரசு உதவி பெறும் நிறுவனமோ அரசு ஒப்புதல் பெற்ற நிறுவனமோ போதும் என்பது பணியாளர் துறையின் விதி. அந்த விதியைச் சுட்டி மீண்டும் விண்ணப்பிக்கலாம். பணிமனை வாசலில் டீக்கடை நடத்துபவரின் பிள்ளைக்கு இந்தப் படி கிடையாது. 2000 ரூபாய் உதவித்தொகைக்கே அவர் வரிசையில் நிற்க வேண்டும்.

சிறப்புப் பயிற்றுநர் போதவில்லை என்ற குறையை ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. தொடக்கப் பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள 10 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், அதற்கு மேல் உள்ள வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதம் 2021 அக்டோபர் தீர்ப்பில் உறுதியானது. அதற்கேற்ற பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் நீதிமன்றம் மாநிலங்களை மறுபடியும் முடுக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2152 கோடி ரூபாய் சமக்ர சிக்ஷா நிதியோ ஒன்றிய அரசுடனான பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத் தகராறில் நின்றுபோனது. 2025 மே மாதம் மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. ஆக, மனுவோடு நிற்பவர்கள் பெற்றோர் மட்டும் இல்லை.

இந்தப் போராட்டம் வெளிநாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் எண்ட்ரூ என்ற ஆட்டிசச் சிறுவனின் பெற்றோர், அரசுப் பள்ளியில் முன்னேற்றம் இல்லை என்று அவனைத் தனியார் பள்ளியில் சேர்த்து, கட்டணத்தை அரசிடம் கேட்டார்கள். மூன்று இடங்களில் தோல்வி. 2017 மார்ச் 22 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒப்புக்கு ஏதோ முன்னேற்றம் என்பது போதாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கட்டணத்தைத் திருப்பித் தரும் உத்தரவு மறு ஆண்டு கீழ் நீதிமன்றத்திலிருந்து வந்தது. பணக்கார நாட்டிலும் இதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

இங்கே கடைசிப் படி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு. வக்கீல் ஃபீஸை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞரை ஏற்பாடு செய்வது சட்டப்பணிகள் ஆணைக் குழுவின் கடமை. மாவட்டக் குழு திருச்சி நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது.

வரும் திங்கட்கிழமை கட்டைப் பையோடு கிளம்புபவர்கள் மனுவை இரண்டு நகலாக எடுத்துச் செல்லுங்கள். ஒன்றில் தேதியோடு அலுவலக சீல் வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

(தொடரும்)