நினைவைச் சுமப்பவர் யார்?

அமெரிக்க எழுத்தாளரான லோயிஸ் லௌரி அம்மையார் 1993ஆம் ஆண்டில் ஒரு சிறு நாவலை வெளியிட்டார். ‘கொடுப்பவர்’ என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். இளையோருக்கென எழுதப்பட்ட அந்நூல் அடுத்த ஆண்டே அந்நாட்டின் நியூபெரிப் பதக்கத்தைப் பெற்றது. மன்னார்த் தீவின் தோட்டவெளியிலே பதினைந்து வயது மாணவி ஒருத்தி அதை வாசித்துவிட்டு எழுதிய ஆறு பக்கக் குறிப்பொன்று அண்மையில் என் கைக்கு வந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் தந்தார். அதைப் பற்றி எழுதாமல் இருக்க இயலவில்லை.

கதை எதிர்காலத்தில் நிகழ்வது. பசியில்லை, போரில்லை, பொறாமையில்லை. எல்லாம் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்பதற்காக மலைகளை மட்டமாக்கி, வெயிலையும் பனியையும் விலக்கி, நிறங்களைக்கூட மனிதர் கண்ணிலிருந்து அகற்றிவிட்டது அச்சமுதாயம். பழைய துன்பங்களின் ஞாபகம் எவருக்கும் கிடையாது. அவ்வளவையும் ஒரே ஒரு முதியவர் சுமக்கிறார். பன்னிரண்டு வயது நிறையும் ஜோனாஸ் என்னும் சிறுவன் அவருக்கு வாரிசாக நியமிக்கப்படுகிறான். முதியவர் அவன் முதுகிற் கைவைத்து நினைவுகளை ஒவ்வொன்றாக இறக்குகிறார். முதுமையில் நினைவு தேய்ந்த தம் தந்தையார், தம் மூத்த மகள் இறந்துபோனதையே மறந்துவிட்டதைக் கண்ட அனுபவம் இந்நூலுக்கு ஒரு வித்தாயிற்று என்று ஆசிரியர் கூறியிருக்கிறார்.

ஜோனாஸ் பெறும் முதல் நினைவு பனிச்சரிவிலே சறுக்கிச் செல்வது. பின்னர் வெயிலின் இதம். அதன்பின் முதல் வலியாக, அவ்வெயிலே தோலைச் சுடுவது. இவ்விடத்தில் நம் மாணவி குறும்பாக எழுதுகிறாள்: எங்கள் தீவை யாரும் மட்டமாக்க வேண்டியதில்லை, கடவுளே அப்படித்தான் படைத்தார், பனியை நான் கண்டதில்லை, வெயிலை ஒருவர் எனக்கு நினைவாகத் தரவேண்டிய அவசியமும் இல்லை. பனையும் மணலுமான ஊரிலிருந்து வேறெப்படி எழுதுவாள்!

அடுத்த இரண்டு பக்கங்களில் அவள் தன் ஊரின் பெருமையைப் பேசுகிறாள். பேசுவதற்கு இருக்கிறது. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களில் ஏறக்குறைய 600 பேர் 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னனின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அந்த வேதசாட்சிகளின் நினைவாகத் தோட்டவெளியிலே மாதா கோயில் நிற்கிறது. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய சாவை நேற்று நடந்ததுபோல் எங்கள் வீடுகளிற் சொல்லுவார்கள், ஆகவே நாங்கள் அந்த நாவலின் மனிதர் அல்லர், எங்கள் ஊரில் எல்லாருமே நினைவைச் சுமப்பவர்கள் என்பது அவள் வாதம்.

நான்காம் பக்கத்திலே எழுத்தின் குரல் மாறுகிறது. அவள் வீட்டில் ஒரு பித்தளை இடியப்ப உரல் இருக்கிறதாம். அடியிலே இரண்டு எழுத்துகள் புள்ளி புள்ளியாய் வெட்டப்பட்டிருக்கின்றன. அவை அவள் குடும்பத்தார் எவருடைய பெயருக்கும் பொருந்தா. நாவலை வாசித்த வாரத்தில் அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அம்மம்மா சொன்னது ஒரே வரி: “அது எங்கட இல்லைப் பிள்ளை, வச்சிருக்கிறம்.”

அயலூரான எருக்கலம்பிட்டியிலிருந்த ஒரு சிநேகிதியிடம் இரவலாக வாங்கிய உரல் அது. திருப்பிக் கொடுக்குமுன் 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வந்துவிட்டது. விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களைக் குறுகிய தவணையில் வெளியேற்றினர். வடக்கு முழுவதிலுமாக 70,000 பேருக்கு மேல் என்பர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையிற் போய் இறங்கினர். “1544 எனக்கு ஐந்து வயதிலே தெரியும். 1990ஐ ஓர் ஆங்கிலக் கதை வாசித்தபிறகுதான் கேட்டேன்” என்று எழுதுகிறாள்.

கட்டுரையைத் திருத்தியவர் அவ்விடத்தில் ‘விடயத்துக்குப் புறம்பு’ என்று சிவப்பு மையாற் குறித்திருக்கிறார். எனக்கோ அதுவே விடயம் என்று படுகிறது. நாவலிலே நெஞ்சை உறையவைக்கும் கட்டம் எது? ஜோனாஸின் தந்தை இரட்டைக் குழந்தைகளில் எடை குறைந்ததை, கொஞ்சும் குரலிற் பேசியபடியே ஊசியேற்றிக் கொல்லும் கட்டம். அவர் கொடியவர் அல்லர்; வீட்டிலே அன்பான தகப்பன். மறதியை அரசாங்கம் மாத்திரமா புகட்டுகிறது? பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று தாய்மாரும் புகட்டுகிறார்கள். நம் துயரை நாம் நூற்றாண்டு கடந்தும் சொல்லுவோம். அயலான் துயரைச் சொல்ல அவன் பக்கத்தில் இல்லாதபோது நமக்கு வாய் எழுவதில்லை. இதை அந்தப் பெண் எவரையும் குற்றஞ்சாட்டாமற் கண்டிருக்கிறாள்.

ஓரிடத்தில் மட்டும் அவளோடு எனக்கு உடன்பாடில்லை. எல்லா நினைவையும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்கிறாள். ஜோனாஸுக்குப் பத்து ஆண்டு முன் வாரிசாக வந்த ரோஸ்மேரி என்ற சிறுமி பாரந் தாங்காமற் சாவைக் கேட்டு வாங்கியதையும், அவள் பெற்றிருந்த நினைவுகள் ஊரார்மேல் வந்து விழ அவர்கள் கலங்கித் தவித்ததையும் அவள் வேகமாகத் தாண்டிப் போய்விட்டாள். பேசாதவர் எல்லாரும் மறந்தவரா? முப்பது ஆண்டுக்கு மேலாகப் பிறர் உரலைப் பிறர் உரலென்றே வைத்திருந்த அம்மம்மாவை அந்தக் கணக்கிற் சேர்க்க நான் ஒருப்படேன்.

போர் 2009இல் முடிந்தபின் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பிய குடும்பங்கள் உண்டு. புத்தளத்திலேயே தங்கிவிட்டவையும் உண்டு. சிநேகிதி எப்பக்கம் என்று குறிப்பில் இல்லை. கடைசிப் பக்கத்தில் அம்மாணவி வாக்கியம் எதுவும் எழுதவில்லை. உரலின் அடியிலுள்ள இரண்டு எழுத்துகளையும் அதே புள்ளிகளோடு பெரிதாக வரைந்து வைத்திருக்கிறாள்.