சாரதியின் கைத்தொலைபேசியும் சட்டத்தின் தண்டமும்

புதிய கருவியொன்று உலகிற் பரவும்பொழுது அதனாலாய நன்மை முதலிற் காணப்படும். தீமை பின்னரே உணரப்படும். அத்தீமையைத் தடுத்தற்குரிய சட்டமோ அதற்கும் பிற்பட்டே வரும். கைத்தொலைபேசி இம்முறைக்கு விலக்கன்று. வீட்டிலும் அலுவலகத்திலும் அது செய்யும் உதவி பெரிது. ஆயின், ஓடுகின்ற வண்டியைச் செலுத்துவோன் கையில் அஃது இருக்கும்பொழுது, உதவிக் கருவியே உயிர்க்கு இறுதி சூழுங் கருவியாகிவிடுகின்றது. இச்செயல் கடியத்தக்கது என்பதில் இன்று ஐயமுடையார் மிகச் சிலரே. அதற்கு எவ்வகைத் தண்டம் தகும், எவ்வளவு தகும், எதனை அளவுகோலாகக் கொண்டு அதனை விதித்தல் வேண்டும் என்பனவே ஆராய்தற்குரியன. இவ்வினாக்களுக்கு விடைகாண முயன்ற நாடுகளுள் பிரித்தானியாவின் வரலாறு படிப்பினை மிக்கதாதலின், அதனையே முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை செல்கின்றது.

முதற்கண், தீமையின் இயல்பை அறிதல் வேண்டும். வண்டியோட்டுவோனுக்குக் கண், கை, மனம் என்னும் மூன்றும் இன்றியமையாதன. தொலைபேசி இம்மூன்றையும் கவர்கின்றது. அதன் முகத்தை நோக்குங்காற் கண் வீதியினின்றும் அகல்கின்றது. அதனைப் பற்றுங்காற் கை வளையத்தினின்றும் அகல்கின்றது. அதில் உரையாடுங்கால் மனம் வேறிடஞ் செல்கின்றது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடக்கும். குறுஞ்செய்தியொன்றைப் பார்த்தற்கு ஐந்து செக்கன் செல்லுமெனக் கொள்வோமாயின், அவ்வண்டி 80 மீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைக் காண்பாரின்றிக் கடந்துவிடுகின்றது. கண்ணைக் கட்டிக்கொண்டு அத்துணைத் தூரம் வண்டியோட்ட உடன்படுவார் எவருமிலர். ஆயினும், அதனோடொத்த செயலையே பலர் நாள்தோறுஞ் செய்கின்றனர்.

இஃது ஊகமன்று; ஆராய்ச்சியால் நிறுவப்பட்டது. கனடாவின் ரொறன்ரோ நகரில் விபத்துக்குள்ளான 699 சாரதிகளின் தொலைபேசிக் கணக்குகளை ஆராய்ந்து 1997 ஆம் ஆண்டில் இரு அறிஞர் வெளியிட்ட கட்டுரை, தொலைபேசியைப் பயன்படுத்தும்பொழுது மோதல் நேர்தற்குரிய வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகின்றது எனக் காட்டிற்று. மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், விபத்தினால் மருத்துவமனை சேர்ந்த சாரதிகளிடையே நடாத்தப்பெற்று 2005 இல் வெளிவந்த ஆராய்ச்சியும் அம்முடிபையே தந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து உளநூலார் 2006 இல் வெளியிட்ட சோதனையோ, சட்டம் வரையறுத்த எல்லையளவு மதுசாரம் அருந்தினோரையும் தொலைபேசியில் உரையாடுவோரையும் பாவனை வண்டியில் அமர்த்தி ஒப்பிட்டது. உரையாடியோர் தடையை அழுத்துவதிற் காலந் தாழ்த்தனர். மோதல்களும் அவர்கள்பாலே நிகழ்ந்தன.

இவ்வாராய்ச்சிகள் பிறிதோர் உண்மையையும் வெளிப்படுத்தின. தொலைபேசியைக் கையிற் பற்றாது, ஒலிபெருக்கியின் வாயிலாகவோ செவிக்கருவியின் வாயிலாகவோ உரையாடினும் ஆபத்துப் பெரிதுங் குறைவதில்லை என்பதே அது. கண் வீதியை நோக்கியிருப்பினும் மனம் நோக்காதாயின் காட்சி அறிவாகாது. 'அங்ஙனமாயின், அருகிருப்பவருடன் பேசுதலும் குற்றமாகாதோ?' என்று சிலர் வினவுவர். அருகிருப்பவர் வீதியைத் தாமும் காண்கின்றார். நெருக்கடி வருமிடத்துப் பேச்சை நிறுத்துகின்றார். சிலவேளை எச்சரிக்கையுஞ் செய்கின்றார். தொலைவிலிருப்பவரோ ஒன்றுங் காணார். விடையை எதிர்பார்த்தே நிற்பார். இரண்டும் ஒன்றாகா.

இனிச் சட்டத்தின் வரலாற்றை நோக்குவோம். 2003 ஆம் ஆண்டு வரையும் பிரித்தானியாவில் இச்செயலுக்கெனத் தனிக்குற்றம் இருந்ததில்லை; கவனமின்றி ஓட்டுதல் முதலிய பொதுக் குற்றங்களின் கீழேயே வழக்குத் தொடரப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதலாந் திகதி கைத்தொலைபேசியைப் பற்றி வண்டியோட்டுதல் தனிக்குற்றமாயிற்று. தண்டம் 30 பவுண், அஃதொன்றே. 2007 இல் அது 60 பவுணாகி, அதனுடன் சாரதி அனுமதிப்பத்திரத்தில் மூன்று குற்றப்புள்ளிகளுஞ் சேர்ந்தன. 2013 இல் 100 பவுணாயிற்று. 2017 ஆம் ஆண்டு மார்ச்சு முதலாந் திகதி தொடக்கம் 200 பவுணும் ஆறு குற்றப்புள்ளிகளும் என உயர்ந்தது. வழக்கு நீதிமன்றஞ் செல்லுமாயின் 1,000 பவுண் வரையும், பாரவூர்தி, பேருந்து ஆகியவற்றின் சாரதியாயின் 2,500 பவுண் வரையும் விதிக்கலாம்.

இவற்றுட் பணத்தினும் புள்ளியே வலிமையுடையது. மூன்றாண்டினுட் பன்னிரண்டு புள்ளி பெற்றவர் பொதுவாக ஆறு திங்களுக்கேனும் ஓட்டும் உரிமையை இழப்பர். சோதனையில் தேறி ஈராண்டு நிரம்பாதவரோ ஆறு புள்ளி பெற்றவுடனேயே அனுமதிப்பத்திரத்தை இழந்து, மீண்டும் தொடக்கத்திலிருந்தே சோதனைக்குத் தோற்றுதல் வேண்டும். எனவே, புதிதாக ஓட்டப் பயின்ற இளைஞனொருவன் ஒருமுறை தொலைபேசியை எடுத்தாற் போதும். அவன் பெற்ற உரிமை போய்விடும்.

தண்டத்தை உயர்த்தினாற் போதாது, குற்றத்தின் வரைவிலக்கணமும் செம்மையாதல் வேண்டும் என்பதை 2019 இல் ஒரு வழக்கு உணர்த்திற்று. இலண்டனில் வீதி விபத்தொன்றைக் கடந்து சென்ற சாரதியொருவர் அதனைத் தமது தொலைபேசியிற் படம்பிடித்தார். சட்டத்தின் சொற்கள் தொடர்பாடலுக்காகக் கருவியைப் பயன்படுத்துதலையே கடிந்தன. படம்பிடித்தல் தொடர்பாடலாகாது என மேனீதிமன்று தீர்த்தது. அச்செயல் தக்கதென்று நீதிமன்று கூறிற்றில்லை. கவனமின்றி ஓட்டுதல் முதலிய பிற குற்றங்களாக அது அமையலாம் என்பதையுஞ் சுட்டிற்று. பேசுதற்கு மாத்திரம் பயன்பட்ட கருவியை மனத்திற்கொண்டு ஆக்கப்பெற்ற சொற்கள், அக்கருவி படப்பெட்டியும் இசைப்பெட்டியும் ஆகிய காலத்திற்குப் பொருந்தாவாயின. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு 25 ஆந் திகதி தொடக்கம் சட்டம் திருத்தப்பட்டு, கருவியைக் கையிற் பற்றி எவ்வகையிற் பயன்படுத்துதலும் குற்றமாக்கப்பட்டது. சமிக்ஞை விளக்கின்முன் நிற்கும்பொழுதும் இவ்விதி பொருந்தும். பாதுகாப்பாக வண்டியை நிறுத்தவியலாத நெருக்கடியில் அவசர உதவியை அழைத்தல் விலக்காகும்.

தண்டத்தின் அளவு யாது என்னும் வினாவிற்கு இனி வருவோம். திருக்குறளின் வெருவந்த செய்யாமை என்னும் அதிகாரம் தண்டத்தின் இலக்கணத்தைக் கூறுங்கால், குற்றத்தைத் தக்கவாறு ஆராய்தல், அது மீளவும் நிகழாமற் காத்தல், குற்றத்திற்கு ஒத்த அளவினதாதல் என்னும் மூன்றனையும் வலியுறுத்துகின்றது. இத்தாலிய அறிஞர் பெக்கரியா 1764 இல் வெளியிட்ட குற்றங்களும் தண்டங்களும் பற்றிய நூலில், குற்றத்தைத் தடுப்பது தண்டத்தின் கொடுமையன்று, அது தப்பாது வருமென்னும் உறுதியே என்றார். இவ்விரு கருத்துக்களையும் உரைகல்லாகக் கொண்டு தற்காலச் சட்டங்களை உரைத்துப் பார்த்தல் தகும்.

ஒப்புமை என்னும் இலக்கணத்தை நோக்குமிடத்து ஒரு சிக்கல் தோன்றுகின்றது. 2016 ஆம் ஆண்டு ஓகஸ்து மாதத்தில் இங்கிலாந்தின் நெடுஞ்சாலையொன்றிற் பாரவூர்திச் சாரதியொருவர், தொலைபேசியில் இசையை மாற்றிக்கொண்டே ஓட்டி, முன்னே நின்ற வண்டிகளின்மீது மோதினார். ஒரு தாயும் சிறுவர் மூவரும் மாண்டனர். ஓட்டும்பொழுது தொலைபேசியைப் பயன்படுத்தேன் என்று தம்மை அமர்த்திய நிறுவனத்திற்கு அவர் கையொப்பமிட்டுக் கொடுத்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலமே ஆகியிருந்தது. நீதிமன்று பத்தாண்டுச் சிறை விதித்தது. ஆபத்தாக ஓட்டி மரணம் விளைத்தலுக்கு அக்காலத்தில் உச்சத் தண்டம் பதினான்கு ஆண்டு. 2022 யூன் மாதத்தில் அஃது ஆயுட் சிறையாக உயர்த்தப்பட்டது.

அதே செயலைச் செய்து, முன்னே வண்டி யாதும் நில்லாமையால் தப்பிச் சென்றவருக்குத் தண்டம் 200 பவுணே. இருவர் செயலும் ஒன்று, பயனே வேறு. பயனை விளைத்தது சாரதியின் தீமையன்று, வீதியின் வாய்ப்பே. எனின், நால்வர் மாண்டதும் ஒருவரும் மாளாததும் ஒன்றெனல் ஆகுமோ? ஆகாது, உறவினரை இழந்தார் முன்னிலையில் அவ்வாறு கூற எவர்க்கும் நா எழாது. ஆயின், பயன் வந்தபின் விதிக்கும் பெருந்தண்டம் மாண்டாரை மீட்பதில்லை. 'எனக்கு அது நேராது' என்று எண்ணும் பிறரைத் தடுப்பதும் அரிது. தொலைபேசியை எடுப்பவர் எவரும் கொலை செய்யக் கருதி எடுப்பதில்லை. ஆதலின், ஆயுட் சிறை என்னும் அச்சம் அவர் மனத்திற் புகுதற்கு வழியே இல்லை. செயலுக்குரிய தண்டமே பயன் விளையுமுன் அவர் கையைத் தடுக்கவல்லது.

அத்தண்டம் பணமாதலினும் உரிமையிழப்பாதல் நன்று என்பது எமது கருத்து. 200 பவுண் கூலியாளனுக்குச் சில நாள் ஊதியம். செல்வனுக்கு ஒருநாள் விருந்துச் செலவு. பின்லாந்து தேசம் 1921 தொடக்கம் வருமானத்திற்கேற்ப நாட்தண்டம் விதிக்கும் முறையைக் கைக்கொண்டு, இவ்வேற்றுமையைப் பல குற்றங்களிற் களைய முயன்றுள்ளது. அனுமதிப்பத்திரத்தை இழத்தலோ இருவரையும் வீதியினின்றும் ஒருங்கே விலக்குகின்றது. ஓட்டுதலையே தொழிலாகக் கொண்டோர்க்கு அது மிகையன்றோ எனின், பலருயிரைத் தன் பொறுப்பிற் கொண்டவன் பொறுப்பும் மிகுதியே என்க. ஆயின், ஓடும் வண்டியில் இருக்கும் ஊழியனை அழைத்து உடனே விடை வேண்டும் முதலாளியும் அப்பொறுப்பிற் பங்குடையவர். சாரதியை மாத்திரம் தண்டித்து அவரை விடுத்தல் முறையன்று.

உறுதி என்னும் இலக்கணத்தையும் நோக்குதல் வேண்டும். மதுவருந்தியோனை அவன் மூச்சுக் காட்டிக்கொடுக்கும். தொலைபேசியை மடியில் இட்டவுடன் குற்றம் மறைந்துவிடும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் இதற்கென வீதியின் மேலே படப்பெட்டிகளை நிறுவிற்று. 2019 டிசம்பரில் தொடங்கி மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதமே அனுப்பி, 2020 மார்ச்சு முதலாந் திகதி தொடக்கம் தண்டம் விதித்தது. கணனி ஐயுற்றுத் தெரிந்த படங்களை மனிதர் பார்த்து உறுதி செய்த பின்னரே தண்டம் செல்கின்றது. குற்றமற்றோரின் படமும் எடுக்கப்படுகின்றதே என்னும் ஆட்சேபம் பொருளற்றதன்று. அப்படங்களை உடனே அழித்தலும், பிற நோக்கத்திற்குப் பயன்படுத்தாமையும் சட்டத்தால் வரையறுக்கப்படல் வேண்டும். முன்னர் எச்சரித்துப் பின்னர் தண்டித்த முறை, கடுமையாக ஓங்கி மென்மையாக எறிதல் என்னும் பழந்தமிழ் நீதிக்கும் இயைந்ததே.

ஒரு முரண்பாடு எஞ்சுகின்றது. கையிற் பற்றாது உரையாடுதலும் ஏறக்குறைய ஒத்த ஆபத்துடையதென ஆராய்ச்சி கூறச் சட்டம் அதனை அனுமதிக்கின்றது. பிரித்தானியப் பாராளுமன்றத்தின் போக்குவரத்துக் குழு 2019 இல் அதனையும் தடுத்தல் பற்றி ஆராயுமாறு வேண்டிற்று. அரசாங்கம் அதனை ஏற்றிலது. கண்டுபிடித்தற்கு அரிய செயலைச் சட்டத்தாற் கடிதல் இயலாதென்பது ஒரு நியாயமே. ஆயின், சட்டம் அனுமதிப்பன யாவும் தீங்கற்றன என்று கொள்ளுதல் பிழை.

சட்டத்தின் கை சென்றெட்டாத அவ்விடத்திலே கல்வியின் பணி தொடங்குகின்றது. கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர் பலர் சின்னாளில் வண்டியோட்டுவோராவர். அனைவரும் வண்டியோட்டுவோரை அழைப்போராவர். ஓட்டுமுன் கருவியை எட்டாத இடத்தில் வைத்தலும், மறுமுனையிலிருப்பவர் வண்டியில் இருக்கின்றார் என்று அறிந்தவுடன் பேச்சை நிறுத்தலும் எளிய பழக்கங்கள். இவற்றிற்குப் படப்பெட்டியும் வேண்டா, நீதிமன்றும் வேண்டா. வள்ளுவர் பொச்சாவாமைக்கென ஓரதிகாரம் வகுத்தது அரசர்க்காயினும், இயந்திரத்தின் வலிமையைக் கையிற் கொண்ட இக்காலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் வண்டியளவில் அரசரே. மறதியின் விலையைக் கொடுப்போர் வீதியில் நடந்து செல்லும் குடிகள்.