விரலுக்குத் தட்டுப்படாத பொருள்

மேசைமேல் ஒரு கிண்ணம் தெரிகிறது. உண்மையில் மேசை மட்டுமே உண்டு. கிண்ணம், அணிந்திருக்கும் கண்ணாடி காட்டும் மாயத் தோற்றம். 2016-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஹோலோலென்ஸ் கண்ணாடியில், தலையைத் திருப்பிக் குறிபார்த்து, விரலை மடக்கிச் சைகை காட்ட வேண்டியிருந்தது. 2019-இல் வந்த இரண்டாம் கண்ணாடியோ ஒவ்வொரு கையிலும் 25 புள்ளிகளின் அசைவைக் கண்டறிந்தது. ஆகவே கிண்ணத்தை வெறுங்கையாலேயே எடுக்கவும், திருப்பவும், இழுத்துப் பெரிதாக்கவும் இயன்றது.

ஆயினும், பற்றிய விரல்கள் ஒன்றையொன்றே தொடுகின்றன. கனமில்லை, குளிர்ச்சியில்லை. இக்குறையை ஒருவாறு மறைக்கவே, தொட்டவிடம் ஒளிர்வதும் மெல்லோசை எழுவதும். கையை அந்தரத்தில் நீட்டியே வைத்திருந்தால் தோள் கடுக்கும் என்பது வேறு!

தொலைவிலுள்ளவரின் முழு உருவத்தையும் அறைக்குள் காட்டும் சோதனையை அந்நிறுவனத்தார் 2016-இல் நிகழ்த்தினர். ஊரிலுள்ள தாயாரும் இவ்வாறு நம் கூடத்தில் வந்து நிற்கலாம். அவர் பாதம் தொடக் குனியும் கைக்கு மட்டும் ஒன்றும் தட்டுப்படாது.