சொற்பொருளும் சார்புணர்ச்சியும்

ஒரு சொல்லைக் கேட்ட அளவிலே கேட்போன் உள்ளத்து இரண்டு நிகழ்கின்றன. அச்சொல் குறிக்கும் பொருள் விளங்குதல் ஒன்று. அச்சொல்லோடு பழகிவந்த விருப்போ வெறுப்போ உடனெழுதல் மற்றொன்று. முன்னது சொற்பொருள், பின்னது சார்புணர்ச்சி. இவ்விரண்டனையும் பகுத்தறியப் பயிலாத மாணாக்கன் நூலைக் கற்றும் நூலாசிரியன் கருத்தைக் கல்லாதவனே யாவன்.

இவ்வேறுபாட்டைத் தமிழிலக்கண நூலார் நன்குணர்ந்திருந்தனர். நன்னூலார் வகுத்த தகுதிவழக்கு மூன்றனுள் மங்கலமும் இடக்கரடக்கலும் இதன்கண் எழுந்தனவே. செத்தார் எனினும் துஞ்சினார் எனினும் நிகழ்ச்சி ஒன்றே. கேட்போர்க்கு எழும் உணர்ச்சியோ வேறு.

சார்புணர்ச்சி காலந்தோறும் மாறும் இயல்பினது. நாற்றம் என்னுஞ் சொல் பண்டு நன்மணத்திற்கும் தீமணத்திற்கும் பொதுவாய் நின்றது. திருக்குறள் ஐம்புல நுகர்ச்சிகளுள் ஒன்றாக அதனை வைத்து எண்ணுகின்றது. இக்காலத்தார்க்கோ அது தீமணத்தையே நினைப்பிக்கும். மலரின் நாற்றம் எனப் பழம்பாட்டிற் காணும் சிறுவன் நகைப்பது இதனாலாம்.

நகைப்போடு ஒழியின் தீங்கில்லை. தத்துவ நூல்களிலோ இம்மயக்கம் கொள்கையையே திரித்துவிடும். சித்தாந்தம் உயிரின் நிலைகளைக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்றாக வகுக்கும். கேவலம் என்பதன் சொற்பொருள் தனிமை. உயிர் மாயையின் கருவிகளைப் பெறாது ஆணவத்தோடு மட்டும் கிடக்கும் நிலையே அது. இன்றைய மாணாக்கனோ இழிவு எனப் பொருள்கொண்டு, நூல் உயிரைப் பழிப்பதாக எண்ணுவன்.

ஆணவத்தைச் செருக்கென்றே கொண்டவன், அடக்கமுடையார்க்கு ஆணவமில்லை என்று முடிவு செய்வன். செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரின் அறிவை மறைத்து நிற்பது அதுவென்றும், செருக்கு அதன் விளைவுகளுள் ஒன்றேயென்றும் அவன் அறியான்.

பாசம் என்பதன்கண் விளையும் இடர் இன்னும் பெரிது. அச்சொற்குக் கயிறு என்பது பொருள். ஈண்டு ஆணவம், கன்மம், மாயை என்னும் கட்டினைக் குறிக்கும். தாய்ப்பாசம் என்றே கேட்டு வளர்ந்த இளைஞன், பாசநீக்கம் என்பதைப் பெற்றவளை வெறுத்தலெனக் கருதி, நூலையே வெறுத்து ஒதுக்கவுங் கூடும்.

ஆகலின் ஆசிரியன் செய்யற்பாலது யாதெனின், சொல்லைக் கேட்டவுடன் தோன்றும் உணர்ச்சியை மாணாக்கர் முதற்கண் எழுதச் செய்தல். பின்னர் அந்நூலும் உரையும் அச்சொல்லை ஆளும் இடங்களைத் திரட்டிப் பொருளை அவர்களே துணியச் செய்தல். அதன்பின் கேவலம் என்னும் இடத்துத் தனிமை என்றும், பாசம் என்னும் இடத்துக் கட்டு என்றும் பெய்து வாக்கியத்தைப் படிப்பித்தல். முன்னெழுதிய உணர்ச்சி நூலின்கண் உள்ளதோ, தம்மிடத்தினின்று வந்ததோ என்பது அப்பொழுது அவர்க்கே விளங்கும்.

இதனாற் சார்புணர்ச்சி முற்றும் களையற்பாலது எனக் கொள்ளற்க. இறைவனை அம்மையென்றும் அப்பனென்றும் அழைக்கும் அருட்பாடலில், ஈன்றார் என்னும் பொருளை மட்டும் நிறுத்தி அன்பை விலக்கின், பாட்டின் உயிரே நீங்கும். அளவைநூலிற் பொருளை முன்னும், அருட்பாடலில் உணர்ச்சியை உடனும் கொள்ளுதலே முறை. எவ்விடத்து எதனைக் கொள்வதென்னும் தெளிவைத் தருவதே சொற்பயிற்சியின் பயனாம்.