வலைத்தளம்: புதுமையும் புதுமை மோகமும்

ஏலப்பாறையிலிருந்து வாகமண் செல்லும் மலைப்பாதையின் இருமருங்கிலும் இந்நாளில் தங்கும் விடுதிகளின் பெயர்ப்பலகைகள் மலிந்துவிட்டன. அவற்றுள் சில நம்மவருடையவை என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்து, பீர்மேட்டு வட்டாரத்தில் தோட்டங்கள் சில கதவடைத்தபோது, லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் பல பிழைப்பை நாடித் திருப்பூருக்கும் கோவைக்கும் கடல் கடந்தும் சென்றன. அவ்வாறு சென்றோர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமே, இன்று ஊரில் இரண்டு அறை விடுதியாகவும், ஏலமும் மிளகும் விற்கும் சிறு கடையாகவும் உருப்பெற்றிருக்கிறது. ஆதலால் இவ்வாணிகம் நொடித்தால், நொடிப்பது ஒரு தலைமுறையின் உழைப்பு.

பொங்கலுக்குப் பொங்கல் கடைக்கு வெள்ளையடிக்கிறோம். பலகைக்கு வண்ணம் பூசுகிறோம். ஆனால் மதுரையிலோ பெங்களூரிலோ இருக்கும் விருந்தினர் முதலில் காண்பது அப்பலகையையா? அவர் கைப்பேசியில் விரியும் வலைத்தளத்தையல்லவா? அதனை ஒருமுறை செய்து முடித்துவிட்டு, ஐந்தாறு ஆண்டுகள் திரும்பியும் பாராதவர் நம்மிடையே மிகுதி. வாகமண்ணில் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்டது 2023-இல். அருகிலுள்ள இடங்களைப் பட்டியலிடும் விடுதியின் தளத்தில் அப்பாலத்தின் பெயரே இல்லையென்றால், படிப்பவர் என்ன எண்ணுவார்? விடுதியே மூடிக் கிடக்கிறது போலும் என்று எண்ணி அகல்வார். அகன்றவர் முன்பதிவு நிறுவனங்களின் செயலி வழியாக அதே அறைக்கே வந்து சேர்வதும் உண்டு. அப்பொழுது வாடகையில் ஒரு பங்கு இடைநின்றவருக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் நாளொரு மோஸ்தராக வரும் அலங்காரங்களையெல்லாம் வாங்கி அணிய வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே நமது கருத்து. ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்னும் மென்பொருளால் அசையும் படங்களைச் செய்து முகப்பில் வைப்பது பெரும் நாகரிகமாக இருந்தது. எழுத்துக்கள் ஓடின, பாட்டு ஒலித்தது, உள்ளே நுழையவே அரை நிமிடம் காத்திருக்க நேர்ந்தது. 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு அடோபி நிறுவனம் அம்மென்பொருளுக்கு ஆதரவை நிறுத்திற்று. பெருந்தொகை கொடுத்து அவ்வித முகப்பை அமைத்துக்கொண்டவருக்கு எஞ்சியது ஒரு வெற்றுக் கட்டம். இன்றும் முகப்பிலேயே நீண்ட காணொளியை ஓடவிடுவோரைக் காணும்போது நமக்கு அந்நினைவே எழுகிறது.

நிலைத்து நின்ற மாற்றம் ஒன்று உண்டு. 2010-இல் ஈத்தன் மார்க்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், ஒரே பக்கம் சிறிய திரைக்கும் பெரிய திரைக்கும் தானே இணங்கி அமையும் முறையை எழுதிக் காட்டினார். 2015 ஏப்ரலில் கூகுள் நிறுவனம், கைப்பேசியில் செய்யப்படும் தேடலில் கைப்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்கே முன்னிடம் தரத் தொடங்கிற்று. இதனை வெறும் நாகரிகம் என்று தள்ளிவிட இயலாது. குமுளி வழியே மலையேறி வரும் குடும்பம், வண்டியில் இருந்தபடியே, அலைவரிசை வந்தும் போயும் கொண்டிருக்கும் வளைவுகளில், தொலைபேசி எண்ணையும் வழியையும் தேடுகிறது. இக்காலக் கைப்பேசியில் எடுத்த ஒரு படம் நான்கைந்து மெகாபைட் அளவுள்ளது. அதனை இருநூறு கிலோபைட்டாகச் சுருக்கினாலும் அச்சிறு திரையில் கண்ணுக்கு வேறுபாடு பெரிதும் தெரியாது. சுருக்காத பத்துப் படங்களை அடுக்கிய பக்கமோ மலைவளைவில் திறக்கவே திறக்காது.

தமிழைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1995-இல் சிங்கப்பூரில் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முதலியோர் முயன்று இணையத்தில் தமிழை ஏற்றிய நாள்தொட்டு, நம் எழுத்து அங்கு நடந்த பாதை கரடுமுரடானது. ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் சிதைந்து, பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. யூனிகோடு முறை பரவிய பின்னரே அத்துன்பம் நீங்கியது. நீங்கிய பிறகும் நம்மவர் சிலர் தமிழ் வாசகத்தைப் படமாக்கி ஒட்டுகிறார்களே, அதனை என்னென்பது! படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி சரிவரக் கண்டுகொள்வதில்லை. பார்வையற்றோருக்குப் படித்துக் காட்டும் கருவியும் அதனிடத்தில் தடுமாறுகிறது. மேலும் தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வெட்டப்பட்ட பொத்தானில் ‘முன்பதிவு செய்க’ என்று இட்டால் பாதி வெளியே தொங்கும். வரிகளுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் மேல்வரியின் கொம்பும் கீழ்வரியின் சுழியும் ஒன்றோடொன்று முட்டும். வடிவமைப்பவர் தமிழறியாதவராயின், இவற்றை எடுத்துச் சொல்ல வேண்டியவர் உரிமையாளரே. தேனி, மதுரைப் பக்கத்து விருந்தினரை வரவேற்கும் விடுதிக்குத் தமிழ்ப் பக்கம் அழகுக்காக வைப்பதன்று.

வெளிர்நிலத்தில் மங்கிய சாம்பல் எழுத்து என்பது இடையில் தோன்றிய மற்றொரு மோகம். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிவேறுபாடு நாலரைக்கு ஒன்று என்ற அளவிலேனும் இருத்தல் வேண்டும் என்பது உலக வலை அமைப்பின் வழிகாட்டு நெறி. நாற்பது கடந்த கண்களுக்கு இதன் அருமை தெரியும். பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளத்தை 2018 ஜூலை முதல் குரோம் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்று வெளிப்படையாகக் குறித்துக் காட்டுகிறது. இச்சான்றிதழை இலவசமாகவே வழங்கும் அமைப்பும் உண்டு.

ஏலம் விற்போருக்கு ஒரு வார்த்தை. புற்றடி ஏலத்தில் (ஏலம் ஏலத்தில் விற்பது நம் மொழிக்கே உரிய வேடிக்கை) 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிய விலை, 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. இத்தகைய சரக்கிற்கு விலையை எழுதி, நாளை எழுதாமல் விடுவது, வாங்குபவரோடு வழக்கிட வழிகோலுவதாகும். காயின் பருமன் எத்தனை மில்லிமீட்டர், எந்த ஆண்டின் அறுவடை, விலை எந்நாளில் குறித்தது என்ற இம்மூன்றும் எத்தனை வண்ணப் படங்களைக் காட்டிலும் விற்றுக் கொடுக்கும். தேயிலைக் குன்றின் படத்தை எவரும் விலைக்கு வாங்கிப் போடலாம். தம் விடுதிச் சன்னலிலிருந்து தெரியும் குன்றை உரிமையாளர்தாம் காட்ட முடியும்.

இறுதியாக, பலர் பொருட்படுத்தாத ஒன்று. தளத்தின் முகவரிப் பெயரைத் தம் பெயரில் பதியாமல், செய்து கொடுத்தவர் பெயரிலேயே விட்டுவிட்ட அன்பர் சிலரை நாம் அறிவோம். செய்தவர் ஊர் மாறியதும், ஆண்டுக்கட்டணம் தவறிப்போய், பெயர் வேறொருவர் கைக்குப் போயிற்று. வாடிக்கையாளர் அட்டையில் அச்சிட்ட முகவரி இப்பொழுது யாருடையதோ ஒரு விளம்பரத்தைக் காட்டுகிறது. ஆகவே பதிவு எவர் பெயரில் உள்ளது, அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்பதை இவ்வாரமே விசாரியுங்கள். புதுப்பிக்கும் நாளைக் கடை உரிமம், காப்புறுதி ஆகியவற்றின் நாட்களோடு சேர்த்துக் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வையுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் கட்டணத்தைச் செலுத்தினாலும், கடவுச்சொல் ஊரிலுள்ள பெற்றோரிடமும் ஒன்று இருக்கட்டும்.