கோயில் பணத்துக்கு யார் பொறுப்பு?
ஜைனரும் பார்ஸியும் போட்ட வழக்கு

மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம், பஜன சமாஜம் என்று நம்மவர் கூடும் இடங்களிலிருந்து சற்று நடந்தால் ஜைனக் கோயில். ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் போனால் பார்ஸி காலனி. வழிபாடு வேறு, சாப்பாடு வேறு. ஆனால் டிரஸ்ட் கணக்குக்குப் பதில் சொல்லவேண்டிய இடம் எல்லோருக்கும் ஒன்றே: சாரிட்டி கமிஷனர் ஆபீஸ்.

இதற்கு வழி செய்தது 1950ஆம் ஆண்டின் பம்பாய் பொது டிரஸ்ட் சட்டம். கோயில் சொத்தைச் சொந்தச் சொத்தாக எண்ணிய தர்மகர்த்தாக்கள் இருக்கத்தான் செய்தார்கள். பதிவும் தணிக்கையும் அவசியமே. ஆனால் சட்டம் அதோடு நிற்கவில்லை. கோர்ட் உத்தரவிட்டால் கமிஷனரே கோயிலுக்குத் தர்மகர்த்தா ஆகலாம் என்றது. பக்தர் ஒரு காரியத்துக்குக் கொடுத்த பணத்தை வேறு காரியத்துக்குத் திருப்பவும் இடம் வைத்தது.

ஜைனக் கோயில் நிர்வாகி ரதிலால் பானாசந்த் காந்தி வழக்குப் போட்டார். பார்ஸி பஞ்சாயத்து நிதியின் டிரஸ்டிகளும் தனியே போட்டார்கள். பம்பாய் ஹைகோர்ட்டில் பலிக்கவில்லை. மனசாட்சியோடு சேர்ந்ததே மதம் என்பது தலைமை நீதிபதி சாக்ளாவின் கருத்து.

1954இல் சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. மதம் மனதோடு முடிவதில்லை, சடங்கிலும் இருக்கிறது என்றார் நீதிபதி பி.கே. முகர்ஜி. பணம் செலவாகிறது, புரோகிதரை அமர்த்துகிறார்கள், கடைச்சரக்கு வாங்குகிறார்கள் என்பதற்காக ஒரு சடங்கு வியாபாரம் ஆகிவிடாதாம். கோயில், மடங்களுக்குக் கமிஷனர் தர்மகர்த்தா ஆவது செல்லாது என்று தீர்ப்பாயிற்று. மூல நோக்கம் நடக்கக்கூடியதாய் இருக்கும்போதே பணத்தைத் திருப்பும் விதியும் அடிபட்டது.

அதே ஆண்டு, அதே நீதிபதி, உடுப்பி ஷீரூர் மடத்தின் வழக்கில் 1951ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தையும் சலித்தார். அங்கே மடங்கள் கட்டவேண்டிய தொகை சர்க்காரின் பொது வருமானத்தில் சேர்ந்தது; ஆகவே அது வரி, செல்லாது. பம்பாயிலோ தனி நிதியில் வைத்து அந்த வேலைக்கே செலவிட்டார்கள்; ஆகவே அது கட்டணம், செல்லும். கணக்கு எழுதும் குமாஸ்தாக்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும்.

இப்போது அது மகாராஷ்டிரப் பொது டிரஸ்ட் சட்டம். தாராவிச் சந்தில் சந்தா வசூலித்துச் சின்னக் கோயில் எழுப்புபவர்களுக்கும் இதே சட்டந்தான். எந்த வேளைக்கு என்ன நைவேத்தியம் என்பதில் ஆபீஸ் தலையிட முடியாது. அதற்கு எவ்வளவு செலவு என்று கேட்கலாம். ரசீதுப் புத்தகத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு அரசியல் சட்டத்தின் 26ஆவது ஷரத்தைக் காட்டினால் எடுபடாது.